தக்கையில் ஒரு கருவாத்து: அறுப்பு முதல் மிதப்பு வரை

மானைப் பிடிக்க வேடன் பழக்கிக் கட்டிவைக்கும் பெண்மானுக்குச் சங்கத் தமிழில் 'பார்வை' என்று பெயர். தன் இனத்தைக் கண்டால் நம்பிக் கிட்டே வரும் உயிரின் பழக்கத்தை வைத்துச் செய்கிற வேலை அது. அமெரிக்காவில் டிகாய் என்று சொல்லப்படும் மிதக்கும் வாத்து உருவத்துக்கு வேறு சொல் தேட வேண்டாம். பார்வை வாத்து என்றே சொல்லிவிடலாம். நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டின் தென்கரையில் வழங்கும் பெயர் ஸ்டூல்.

அந்தக் கரையின் முறையில் ஒரு கருவாத்தைச் செய்த கணக்கு இது. உடல் கருந்தக்கை, தலை வெள்ளைப் பைன், அடியில் ஒரு பலகை, அதற்கும் கீழே, படகுக்கு இருப்பது போல நீளவாக்கில் ஓடும் அடிக்கட்டையான, ஈயம் வைத்த ஏரா. செதுக்கத் தெரிந்தவர்கள்கூட முதல் கட்டையில் தடுமாறுவதற்குக் காரணம் கைவேலை அல்ல, முன்னுரிமை. வாத்து இதைப் பார்ப்பது 40 கஜத்துக்கு அப்பால், மேலிருந்து, அலையில் ஆடும்போது. அங்கே முதலில் தெரிவது மிதக்கும் விதம். அடுத்து உருவத்தின் வெளிக்கோடு. அதற்கடுத்து பளபளப்பு இருக்கிறதா இல்லையா. இறகு இறகாக வரைந்த அழகு கடைசியில்தான். நேரத்தையும் இந்த வரிசையில்தான் செலவழிக்க வேண்டும்.

கருவாத்து என்று இங்கே சொல்வது அனஸ் ரூப்ரிபெஸ், அமெரிக்கக் கிழக்குக் கரையின் உப்புச் சதுப்புகளில் குளிர்காலம் கழிக்கும் இனம். நம் ஏரிகளில் மேயும் புள்ளிமூக்கு வாத்துக்குச் சொந்தம். அளவும் கிட்டத்தட்ட அதேதான். ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே நிறம் என்பதால் வண்ண வேலை குறைவு. கருந்தக்கையின் சொந்த நிறமே அடிவண்ணத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், படகில் உரசி வண்ணம் போனாலும் அசிங்கமாகத் தெரியாது. முதல் கட்டைக்கு இதைத் தேர்வதற்கு இந்த இரண்டு காரணமும் போதும். ஆனால் பறவை மகா சந்தேகப்பிராணி. கொஞ்சம் பளபளத்தாலும் மேலேயே ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போய்விடும்.

தக்கை

இது குப்பி மூடித் தக்கை இல்லை. போர்ச்சுகல், ஸ்பெயின் பக்கத்துத் தக்கை ஓக் மரத்தின் பட்டையைச் சுமார் 9 ஆண்டுக்கு ஒருமுறை உரிக்கிறார்கள். அதைச் சிறு மணிகளாக்கி, அச்சில் போட்டு, மிகச் சூடான நீராவியில் வேகவைத்தால் மணிகள் உப்பி, தங்களுக்குள் இருக்கும் பிசினாலேயே ஒட்டிக்கொண்டு, கரும்பழுப்புக் கட்டியாகிவிடும். வெளிப் பசை கிடையாது. குளிர்பதனக் கிடங்குகளின் சுவரில் வெப்பத் தடுப்பாகப் பதித்தது இதைத்தான். கிடங்கு இடிக்கும் இடத்திலும், கப்பல்களின் உயிர்காப்பு மிதவைகளிலும் கிடைத்த தக்கை அப்படியே வாத்துச் செதுக்குபவர்கள் கைக்குப் போனது. கனெக்டிகட்டின் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷாங் வீலர் போன்ற பேர்பெற்ற கைகளும் தக்கையைத் தொட்டிருக்கின்றன.

வாங்கும்போது மணியின் அளவைப் பாருங்கள். கட்டட வெப்பத் தடுப்புக்கு விற்கும் லேசான ரகத்தில் மணி பெரிதாக இருக்கும். விரல் நகத்தால் சுரண்டினாலே உதிரும். பார்வை வாத்துக்கு வேண்டியது அடர்ந்த ரகம். பலகையின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து திரும்பி எழ வேண்டும், மணி கழன்று வரக்கூடாது. பசை சேர்த்து அழுத்திய வெளிர்ப் பழுப்புத் தக்கையும் உண்டு. மணி பொடியாக இருப்பதால் செதுக்க வழவழப்பு, ஆனால் கனம் கூடுதல், விலையும் கூடுதல்.

மரத்தை விட்டுத் தக்கைக்கு வருவதற்குக் காரணம் எடை மட்டுமில்லை. திடமான மரக்கட்டை வெயிலிலும் தண்ணீரிலும் மாறி மாறிக் கிடந்து வெடிக்கும், தக்கை வெடிக்காது. சிதறிய துப்பாக்கிக் குண்டு ஒன்றிரண்டு பாய்ந்தாலும் மூழ்காது. மறுபக்கம், அலகு, கழுத்து, வால் மாதிரி மெல்லிய பகுதிகளுக்குத் தக்கை உதவாது. அதனால்தான் தலையும் வாலும் அடியும் மரம்.

அளவும் சாமானும்

தச்சர் கணக்கில் 1 அங்குலத்துக்கு 8 நூல். கீழே அதே கணக்குதான்.

உடலுக்கு 2 அங்குலத் தடிமனில், 15-க்கு 8 அங்குலம் கருந்தக்கை, இரண்டு துண்டு. அடிப்பலகைக்கு 4 நூல் செடார் அல்லது பைன். வாலுக்கு 2 நூல் மரைன் ப்ளைவுட், 5-க்கு 4 அங்குலம். தலைக்கு முடிச்சில்லாத வெள்ளைப் பைன், 2 அங்குலத் தடிமன், 6-க்கு 4 அங்குலம். ஏராவுக்கு 10 அங்குல நீளம், 1 அங்குல அகலம், 1¼ அங்குல உயரம். 8 மி.மீ. துருப்பிடிக்காத த்ரெட் ராடு (முழு நீளமும் மரை வெட்டிய கம்பி) 7 அங்குலம், ஒரு நட்டு, ஒரு பெரிய வாஷர். 10 மி.மீ. கண்ணாடிக் கண் ஒரு ஜோடி, கரும்பழுப்பு. ஈயம் 200 கிராம் எடுத்து வையுங்கள். எவ்வளவு தேவை என்பதைத் தண்ணீர்தான் சொல்லும்.

செதுக்கி முடித்த உடல் 14 அங்குல நீளம், அகலமான இடத்தில் 7 அங்குலம், அடிப்பலகையோடு சேர்த்து 4½ அங்குல உயரம். நிஜ வாத்தைவிட இது கொஞ்சம் பெரிது. திறந்த கழியில் பெரிய உருவம் தூரத்திலேயே கண்ணில் படும். சின்னக் குட்டைக்கு என்றால் ஒரு அங்குலம் குறைத்துக்கொள்ளலாம்.

ஒட்டும் அறுப்பும்

மேலிருந்து பார்க்கும் வடிவம் ஒன்று, பக்கவாட்டு வடிவம் ஒன்று, இரண்டையும் கெட்டி அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டிலும் நடுக்கோடு இருக்க வேண்டும். தக்கையிலும் நடுக்கோடு போட்டு, அது அழிய அழியத் திரும்பப் போட்டுக்கொண்டே வருவதுதான் இந்த வேலையில் பாதி. கோடு போனால் இரண்டு பக்கமும் ஒன்றாக வராது.

ஒட்டுவதற்கு முன்பே வாலுக்கு இடம் செய்ய வேண்டும். மேல்தக்கையின் அடியில், பின்பக்கம் 2½ அங்குல ஆழத்துக்கு ப்ளைவுட் உட்காரும் பள்ளம் எடுத்து, வாலைச் செருகி, இரண்டு அடுக்கையும் சேர்த்து ஒட்டினால் வால் நடுவில் சிக்கிக்கொள்ளும். பிறகு கழன்று வர வழியே இல்லை. உடலைச் செதுக்கி முடித்த பின் வாலை ஓரத்தில் ஒட்டியவர்கள் முதல் பருவத்திலேயே அதை இழந்திருக்கிறார்கள்.

பசை, தண்ணீர் தாங்கும் பாலியூரித்தேன் கட்டுமானப் பசை. காய்ந்த பிறகும் கொஞ்சம் நெகிழும் என்பது அதன் நல்ல குணம். கெட்ட குணம், காய்ந்த பசைக்கோடு தக்கையைவிடக் கடினம். அரம் போடும்போது இரண்டு பக்கமும் தக்கை தேய்ந்துபோய், பசை மட்டும் வரப்பு மாதிரி துருத்தி நிற்கும். எபாக்சியில் இது இன்னும் மோசம். பசையை மெல்லிய படலமாக இழுத்துத் தடவுங்கள். செதுக்கும்போது வரப்பு எழும்பினால் அரத்தால் அடிக்காமல், கத்தி முனையால் கோட்டோடு கீறி எடுத்துவிட்டு அரத்தைத் தொடருங்கள். கிளாம்ப் போடும்போது இரண்டு பக்கமும் பலகை வைக்காவிட்டால் தக்கையில் கிளாம்பின் தடம் பதிந்துவிடும். ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும்.

பேண்ட் சா என்னும் பட்டை ரம்ப இயந்திரத்தில் முதலில் பக்கவாட்டு வடிவம். அறுத்து விழும் மேல்துண்டை எறியாமல் பழைய இடத்திலேயே டேப் போட்டு ஒட்டிவிட்டு, அதன் மேல் மேல்வடிவத்தை வரைந்து அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் வளைந்த முதுகின் மேல் கோடு போடவும் முடியாது, கட்டை மேசையில் சரியாக உட்காரவும் உட்காராது. பேண்ட் சா இல்லாதவர்கள் சாதாரணக் கைவாளிலேயே அறுக்கலாம். தக்கை அவ்வளவு மிருது. வாலுக்குக் கிட்டே வரும்போது மட்டும் ப்ளைவுட் உள்ளே இருப்பதை மறந்துவிடாதீர்கள்.

அடிப்பலகையை அறுத்த தக்கையின் மேல் வைத்து வரைந்து, 1 நூல் வெளியே விட்டு அறுத்து ஒட்டுங்கள். மிச்சத்தைப் பிறகு ஒரேயடியாக இழைத்து எடுக்கலாம். ஒட்டும் பக்கத்துக்கும் ஒரு கை ஷெல்லாக் (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு) தடவி, காய்ந்த பிறகு லேசாகச் சுரண்டிவிட்டு ஒட்டினால் பலகை வளையாது. ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் குடிக்கும் பலகை கட்டாயம் வளையும், வளைந்தால் தக்கையைப் பிய்த்துக்கொண்டு வரும்.

அரத்தடி

தக்கையில் உளி வேலை அதிகம் இல்லை. கூரான நீளக் கத்தி, குதிரை லாடம் அடிப்பவர்கள் வைத்திருக்கும் பெரிய அரம், பிறகு உப்புத்தாள். அவ்வளவுதான். முதலில் பக்கவாட்டில் உடல் எங்கே அகலமோ அந்தக் கோட்டை வரையுங்கள். அடியிலிருந்து 1¾ அங்குலத்தில் வரும். இந்தக் கோட்டைத் தொடக்கூடாது. இதற்கு மேலே 45 டிகிரிச் சரிவு ஒன்று, கீழே அடிப்பலகை வரை சின்னச் சரிவு ஒன்று. பிறகு ஒவ்வொரு முனையையும் மறுபடி பாதியாக்கிச் சரித்தால் உருண்டை தானே வந்துவிடும். நேராக உருட்ட ஆரம்பித்தவர்களின் வாத்து ஒரு பக்கம் உப்பலாக நிற்கும்.

அரம் எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, உடலின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக வேண்டும். ஓரத்திலிருந்து உள்ளே தள்ளினால் மணிகள் கொத்தாகப் பெயர்ந்து வரும். அழுத்திப் போட்டாலும் அதே கதி. அரத்தின் சொந்த எடையே போதும், கை வழி காட்டினால் சரி. கடைசியில் 60 எண், பிறகு 100 எண் உப்புத்தாள். அதற்கு மேல் வழவழப்பாக்குவது வீண். மேற்பரப்பில் விடும் சின்னச் சின்னக் குழிகள் வெளிச்சத்தை உடைத்து மங்கலாக்கும். தக்கை தரும் இலவச உதவி அது. பெரிய பள்ளங்களை மட்டும், அரத்தில் விழுந்த தக்கைத் தூளையே தண்ணீர் தாங்கும் மரப்பசையில் குழைத்து அடையுங்கள். தூள் கரி மாதிரி பறக்கும். முகமூடி வேண்டும், வேலையை வெளியில் வைத்துக்கொள்வது வீட்டிலிருப்பவர்களுக்கும் நல்லது.

முதுகைத் தட்டையாக விட்டுவிடாதீர்கள். காரணம் தொட்டிச் சோதனையில் தெரியும்.

தலை

பைன் கட்டையில் நார் அலகு நீளத்துக்கு ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அலகு பிஸ்கட் மாதிரி ஒடியும். பக்க வடிவத்தை அறுத்த உடனே, செதுக்க ஆரம்பிக்கும் முன்பே, கண் வரும் இடத்தில் 3 மி.மீ. துளையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நேராகப் போட்டுவிடுங்கள். கட்டை சதுரமாக இருக்கும்போதுதான் துளை நேராக விழும். கன்னம் உருண்ட பிறகு இரண்டு பக்கமும் தனித்தனியாகக் குறித்தால் ஒரு கண் மேலே, ஒரு கண் முன்னே என்று மாறுகண் வாத்துதான் கிடைக்கும்.

கண் தலையில் எவ்வளவு மேலே இருக்கிறது என்பதைப் பலரும் தவறவிடுகிறார்கள். மனித முகப் பழக்கத்தில் கண்ணை நடுவில் இறக்கி வைத்தால் வாத்து தூங்கி வழிகிற மாதிரி ஆகிவிடும். கண் நெற்றிக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, தலை ஒடுங்கும் இடத்தில் இருக்கும். கன்னம் அதற்குக் கீழேதான் உப்பும். கண்மட்டத்தில் தலையின் அகலம் 1¼ அங்குலம், கன்னத்தில் 1¾, அலகில் 1 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அலகு தொடங்கும் கோட்டைக் கத்தியால் ஆழக் கீறிவிட்டுச் செதுக்கினால் கன்னம் பிசிறாது. மூக்குத் துளை இரண்டும் அலகின் மேற்பாதியில். கண்ணுக்கு 10 மி.மீ.க்கு ஒரு சுற்றுப் பெரிதாகத் துளையைப் பெருக்கி, எபாக்சிப் புட்டி அடைத்து, கண்ணை அழுத்தி, பிதுங்கும் புட்டியையே இமையாகத் தேய்த்துவிடலாம்.

தலை எந்த நிலையில் என்பது செதுக்கும் முன்பே முடிவாக வேண்டும். கழுத்தை நீட்டி நிமிர்ந்த வாத்து ஆபத்தைக் கண்டு எச்சரிக்கையாக நிற்கும் வாத்து. ஒரு கூட்டத்தில் அப்படி ஒன்றிரண்டு இருந்தால் போதும். மீதி எல்லாம் தோளில் கழுத்தை இறக்கி நிம்மதியாகக் கிடக்க வேண்டும். இந்தக் கட்டைக்குத் தாழ்ந்த தலை, இடப்பக்கம் 15 டிகிரி திருப்பம்.

பொருத்துவது த்ரெட் ராடில். தலையின் அடியில் 1½ அங்குல ஆழத்துக்குத் துளையிட்டு எபாக்சியில் ராடை நிறுத்துங்கள். காய்ந்த பின் உடலின் வழியாக அடிப்பலகை வரை இறக்கி, பலகையில் குடைந்த பள்ளத்தில் வாஷரும் நட்டும் போட்டு இறுக்க வேண்டும். தக்கையில் வெறும் ஸ்க்ரூ பிடிக்காது. பனிக்காலையில் கையுறைக் கையோடு எல்லோரும் வாத்தைத் தூக்குவது கழுத்தைப் பிடித்துத்தான், எத்தனை சொன்னாலும். அந்த இழுப்பு முழுவதும் அடிப்பலகைக்குப் போக வேண்டும். ஆனால் நட்டை வெறிகொண்டு இறுக்கினால் தக்கை நசுங்கி, கழுத்தைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி குழி விழும், அதில் தண்ணீர் தேங்கி உறையும். கழுத்தும் உடலும் சேரும் கோட்டில் பசை லேசாகப் பிதுங்கும் வரை இறுக்கினால் போதும். நட்டுப் பள்ளத்தை எபாக்சியால் மூடிவிடுங்கள். அதன் மேல்தான் ஏரா உட்காரும்.

தொட்டிச் சோதனை

வண்ணத்துக்கு முன்னால் இது. தக்கையின் உள்ளே தண்ணீர் போகாது, ஆனால் மேற்பரப்புக் குழிகள் குடிக்கும். அதனால் ஸ்பிரிட் அதிகம் விட்டு நீர்க்கவைத்த ஷெல்லாக் ஒரு கை எல்லாப் பக்கமும் பூசி, காயவைத்து, பிறகு தண்ணீரில் இறக்குங்கள். பலகையின் வெட்டுமுனைகளுக்கு மட்டும் மூன்று கை.

எங்கே மிதக்கும் என்பதை முன்கூட்டியே போட்டுப் பார்க்கலாம். தக்கை சுமார் 600 கிராம், பலகை 230, தலையும் ராடும் 150, ஏரா 80, ஈயம் 170, வாலும் பசையும் வண்ணமும் 70. மொத்தம் 1,300 கிராம். அதாவது 1,300 மில்லி தண்ணீரை ஒதுக்கியாக வேண்டும். பலகையும் ஏராவும் மூழ்கி 780 மில்லி கொடுத்துவிடும். மீதி 520-ஐ உடல் கொடுக்க வேண்டும். அடிப்பரப்பு சுமார் 460 சதுர சென்டிமீட்டர், ஆக பலகைக்கு மேல் 1.1 செ.மீ. தக்கை தண்ணீருக்குள் போகும். நிஜ வாத்தைப் போல உட்கார இது சரியான மட்டம். தக்கையை மட்டும் பார்த்து 'எவ்வளவு லேசு' என்று மகிழ்ந்து ஈயத்தைக் குறைத்தவர்களின் வாத்து, தண்ணீரின் மேல் பலூன் மாதிரி காற்றில் ஓடும்.

ஏராவைத் தற்காலிகமாக இரண்டு ஸ்க்ரூவில் மாட்டி, ஈயத் துண்டை ரப்பர் பேண்டால் ஏராவோடு கட்டி, தொட்டியில் விடுங்கள். தலை முன்பக்கம் கனப்பதால் ஈயம் நடுவில் இருந்தால் மார்பு அமிழ்ந்து வால் தூக்கும். ஈயத்தை அரை அங்குலம் அரை அங்குலமாகப் பின்னால் நகர்த்துங்கள். வால் நுனி தண்ணீருக்கு மேல் 1½ அங்குலத்தில் நின்றால் போதும். அடுத்து, நேர் முன்னாலிருந்து கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். தலை இடப்பக்கம் திரும்பியிருப்பதால் உடலும் இடப்பக்கம் 3, 4 மி.மீ. சாய்ந்திருக்கும். ஈயத்தை வலப்பக்கம் ஒரு நூல் தள்ளினால் நிமிரும். பென்சிலால் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது குப்புறச் சோதனை. வாத்தைத் தலைகீழாகப் பிடித்து ஒரு அடி உயரத்திலிருந்து விட வேண்டும். விழுந்த வேகத்தில் ஒரு புரட்டு, ஏரா கீழே போய் அது நிமிர்ந்து உட்கார வேண்டும். இருட்டில், படகிலிருந்து மூன்று டஜன் வாத்தை வீசும்போது ஒவ்வொன்றையும் நிமிர்த்திக்கொண்டிருக்க முடியாது. குப்புறக் கிடந்த ஒரே வாத்து மொத்தக் கூட்டத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். நிமிரவில்லை என்றால் பெரும்பாலும் முதுகு தட்டை. தட்டையான முதுகு தலைகீழாகவும் நிம்மதியாக மிதக்கும். முதுகை இன்னும் உருட்டுங்கள். அதற்குப் பிறகும் அடம்பிடித்தால் ஈயத்தைக் கூட்டுவதற்கு முன் ஏராவை ஆழமாக்கிப் பாருங்கள். அதே ஈயம் ஒரு அங்குலம் கீழே இறங்கினால் நிமிர்த்தும் பிடி கூடும், எடை கூடாது. 36 வாத்து, தலா 1.3 கிலோ என்றால் இப்போதே 47 கிலோ சுமை. அதில் ஒவ்வொன்றுக்கும் 100 கிராம் ஏற்றுவது சதுப்பில் நடப்பவர் முதுகில் விழும்.

இடம் தெரிந்ததும் ஏராவில் உள்பக்கம் அகன்ற காடி எடுத்து ஈயத்தை உருக்கி ஊற்றலாம். குளிர்ந்தபின் வெளியே வராது. ஈயம் 327 டிகிரியில் உருகும். மரத்தில் ஈரம் இருந்தால் நீராவியாகி ஈயத்தைத் தெறிக்கவைக்கும். நன்றாகக் காய்ந்த ஏரா, திறந்த வெளி, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இல்லாமல் இந்த வேலை வேண்டாம். ஈயத் தகட்டை மடித்து இரண்டு ஸ்க்ரூ போட்டாலும் வாத்து நிமிரத்தான் போகிறது. ஏராவின் முன்முனையில் கயிற்றுக்கு 8 மி.மீ. துளை, அதற்கு 2 அங்குலம் பின்னால் இன்னொன்று.

வண்ணம்

மங்கல் ரக எக்ஸ்டீரியர் லேடெக்ஸ் அல்லது எண்ணெய் வண்ணம். மேலே வார்னிஷ் கூடவே கூடாது. காட்சிக்கு வைத்த வாத்தைப் பார்த்துப் பளபளப்பாக்கிவிட்டு, பறவை ஏன் விலகுகிறது என்று யோசிப்பவர்கள் உண்டு.

அடிவண்ணம் பர்ன்ட் அம்பர் 3 பங்கு, கருப்பு 1 பங்கு. கருவாத்து கருப்பில்லை, ஈரமான மர நிறம். வெறும் கருப்பு அடித்தால் தூரத்தில் அது தண்ணீரில் ஒரு ஓட்டை மாதிரி தெரியும். தலைக்கும் தொண்டைக்கும் வெள்ளை 4, ரா அம்பர் 1, எல்லோ ஓக்கர் 1 சேர்த்த மணல் நிறம். தூரத்தில் இந்த இனத்தை அடையாளம் காட்டுவது இந்த முகத்துக்கும் உடலுக்கும் உள்ள வேறுபாடுதான், அதை மட்டும் கஞ்சத்தனம் இல்லாமல் காட்டுங்கள். உச்சந்தலைக்கும் கண்ணை ஊடுருவிப் போகும் கோட்டுக்கும் அடிவண்ணம். கன்னத்தில் காய்ந்த தூரிகையின் நுனியால் மெல்லிய கீற்றுகள்.

இறகு ஓரம், அடிவண்ணத்தில் மணல் நிறத்தைக் கலந்து எடுத்த நடு நிறம். வரிசை வாலில் தொடங்கி முன்னால் போக வேண்டும், ஓட்டுக்கூரையை இறவாரத்திலிருந்து மேலே வேய்வது போல. முன்வரிசை பின்வரிசையின் மேல் படிய வேண்டும் அல்லவா. மார்பிலிருந்து தொடங்கியவர்களுக்கு ஒவ்வொரு வரிசையும் முந்தையதன் அடியில் நுழைய வேண்டியிருக்கும். ஒவ்வொன்றும் ஆங்கில யு வடிவக் கோடு. முதுகில் 1 அங்குல அகலம், பக்கத்தில் இன்னும் பெரிது, மார்பில் பொடி. நேர்வரிசையாக வேண்டாம், செங்கல் கட்டு மாதிரி மாற்றி மாற்றி. ஒரு உடலுக்கு 60, 70 இறகு போதும். 200 வரைந்தால் தூரத்தில் எல்லாம் கலந்து சேற்று நிறமாகிவிடும்.

இறக்கையின் ஊதாநீலப் பட்டைக்கு அல்ட்ராமரைனில் கொஞ்சம் வயலெட். அதன் முன்னும் பின்னும் மெல்லிய கருப்புக் கோடு. முன்பக்கம் வெள்ளைப் பட்டை போட்டுவிடாதீர்கள், அது மல்லார்டு என்னும் வேறு வாத்தினத்துக்கு. அலகுக்கு மஞ்சளில் ஒரு துளி கருப்பு. அந்தக் கலவையே ஆலிவ் ஆகிவிடும். நுனி நகம் கருப்பு. காய்ந்ததும் 40 கஜம் தள்ளி புல்லில் வைத்துப் பாருங்கள். கிட்டே நன்றாக இருந்து அங்கே தலை தெரியவில்லை என்றால் முகத்தை வெளுக்க வேண்டும்.

பின்னணி கொஞ்சம்

நெவாடாவின் லவ்லாக் குகையில் 1924-இல் தோண்டியபோது 11 பார்வை வாத்துகள் கிடைத்தன. ட்யூல் என்னும் கோரையை மடக்கிக் கட்டி, சிலவற்றில் இறகு செருகி, வண்ணம் பூசிய, கேன்வாஸ்பேக் என்னும் இனத்தின் உருவ வாத்துகள்; வயது ஏறக்குறைய 2,000 ஆண்டு. மிதக்கும் பொருள், தெளிவான வெளிக்கோடு, அளவான வண்ணம். முறை அப்போதே முடிவாகிவிட்டது.

19-ஆம் நூற்றாண்டில் நகரச் சந்தைக்கு வாத்துகளைக் கூடை கூடையாகச் சுட்டு அனுப்பியதால்தான் கிழக்குக் கரையில் செதுக்குவது ஒரு தொழிலாக வளர்ந்தது. 1918-இன் வலசைப் பறவைச் சட்டம் அந்த வியாபாரத்தை நிறுத்தியது. 1934-இல் வேட்டைக்காரர்கள் வாங்க வேண்டிய வாத்து அஞ்சல்தலை வந்தது; முதல் அஞ்சல்தலையை வரைந்தவர் கேலிச்சித்திரக்காரர் டிங் டார்லிங், விலை 1 டாலர். 1935-இல் உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து அழைப்பது தடையானது. நம் வேடனின் பார்வை மான் வகைதான் அது. அதோடு கட்டை வாத்துக்கு வேலை கூடியது. இந்தியாவில் காட்டு வாத்து வேட்டை சட்டப்படி குற்றம். இங்கே செய்பவர்களுக்கு இது கைவேலை மட்டுமே.

பழைய தக்கை வாத்து கையில் கிடைத்தால் முதலில் எதையும் செய்யாதீர்கள். அசல் வண்ணம் போனால் சேகரிப்பவர்களிடம் மதிப்பும் போய்விடும். பேர்பெற்ற எல்மர் குரோவெல் செதுக்கிய இரண்டு மரப் பறவைகள் 2007-இல் ஒவ்வொன்றும் 10 லட்சம் டாலருக்கு மேல் போயிருக்கின்றன. பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்த உப்புத்தாள் போடவும் கூடாது. வேட்டைக்கே பயன்படும் சாதாரண வாத்தாக இருந்து மணி உதிர ஆரம்பித்திருந்தால், உதிர்வதைத் தட்டிவிட்டு, நெருக்கமாக நெய்த சணல் துணியை மரப்பசையில் நனைத்து முதுகு முழுவதும் போர்த்தி, காய்ந்தபின் வண்ணம் பூசலாம். கொஞ்சம் கனக்கும், ஆனால் இன்னும் பல பருவம் ஓடும்.

கயிறு

தார் பூசிய பின்னல் கயிறு, ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு. நங்கூரம் 170 முதல் 230 கிராம். முன் துளையில் கட்டினால் வாத்து காற்றைப் பார்த்து நிற்கும். காற்று குறைந்த நாளில் எல்லா வாத்தும் சிப்பாய் வரிசை மாதிரி ஒரே பக்கம் பார்ப்பது தெரிந்தால், பாதி வாத்துகளுக்குப் பின் துளைக்கு மாற்றுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் அலைந்து ஆடும். பலத்த காற்றில் பின் துளை வேண்டாம், அங்குமிங்கும் வெட்டி ஓடிப் பக்கத்து வாத்தின் கயிற்றில் சிக்கும்.

பருவம் முடிந்ததும் கயிற்றை ஏராவில் சுற்றி, காற்றோட்டமான இடத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் அடிப்பலகை ஓரத்தில் வண்ணம் கொப்புளிக்கும். கொப்புளத்தைச் சுரண்டி, பலகை முழுதாகக் காய ஒரு வாரம் விட்டு, வெட்டுமுனைக்கு மறுபடி ஷெல்லாக் ஏற்றி, அந்த இடத்துக்கு மட்டும் வண்ணம் தொட்டால் போதும்.